வைக்கோலைப் பிளக்கும் பூஞ்சை

திருமலைக்குப் படியேறும் முன் அலிபிரியில் பசுவை வலம் வருகிறார்கள் பக்தர்கள். அதற்கென்றே 2021-இல் திறக்கப்பட்டது சப்த கோ பிரதட்சிண மந்திரம். ஆனால் அந்தப் பசுவின் வயிற்றுக்குள் நடக்கும் அதிசயம் யார் கண்ணிலும் படுவதில்லை.

மாட்டால் தனியாக வைக்கோலைச் செரிக்க முடியாது. அதன் முதல் இரைப்பையில் குடியிருக்கும் பாக்டீரியாக்களும் பூஞ்சைகளும்தான் அந்த வேலையைச் செய்கின்றன. இந்தப் பூஞ்சைகளுக்கு ஆக்சிஜன் விஷம். வாலால் நீந்தும் இவற்றின் வித்துகளை ஒருசெல் பிராணிகள் என்றே விஞ்ஞானிகள் நெடுங்காலம் நம்பினார்கள். செம்மறியாட்டின் இரைப்பையை ஆராய்ந்து, 1975-இல் உண்மையைச் சொன்னவர் பிரிட்டனின் காலின் ஆர்பின்.

வைக்கோலில் ஒட்டிக்கொண்டு வேர் போன்ற இழைகளை உள்ளே செலுத்துகிறது பூஞ்சை. கெட்டியான நார் பிளவுபடுகிறது. பாக்டீரியாக்களுக்கு வழி கிடைக்கிறது. வறண்ட சித்தூர்ப் பகுதியில் பசும்புல் கிடைக்காத மாதங்களில் வைக்கோலையும் கடலைக்கொடியையும் நம்பியிருக்கும் சிறு விவசாயிக்கு இது பால் கணக்கு.

கர்னாலிலுள்ள தேசிய பால்பண்ணை ஆராய்ச்சி நிலையத்தில் எருமைக் கன்றுகளுக்கு இப்பூஞ்சையை ஊட்டியபோது செரிமானம் மேம்பட்டது. சிக்கல் இரண்டு. காற்றுப் பட்டாலே மடியும் பூஞ்சையைக் கிராமத்துத் தொழுவம்வரை உயிரோடு கொண்டு சேர்க்க வேண்டும். அது வெளியிடும் ஹைட்ரஜனை வேறு நுண்ணுயிர்கள் மீத்தேனாக்கிவிடுகின்றன. தீவனச் சக்தியில் ஒரு பங்கு ஏப்பமாகப் போகிறது, பூமியும் சூடேறுகிறது.

பாலும் பெருக வேண்டும், ஏப்பமும் குறைய வேண்டும். விடை அந்த இருட்டு வயிற்றுக்குள்தான் இருக்கிறது.