தசை ஏன் கரைகிறது?

எலும்போடு இணைந்த தசைகளில் புரதம் ஓயாமல் உருவாகிறது, ஓயாமல் சிதைகிறது. நோயிலும் அசைவின்மையிலும் சிதைவின் கை ஓங்கிவிடும். கம்பம் பள்ளத்தாக்கில் திராட்சைப் பந்தலில் வேலை பார்ப்பவருக்குக் கால் முறிந்து மாவுக்கட்டுப் போட்டால், கட்டைப் பிரிக்கும்போது அந்தத் தொடை மட்டும் மெலிந்திருக்கும்.

இதன் காரணத்தை ஆராய்ந்தவர்களில் முக்கியமானவர் ஹார்வர்டு மருத்துவப் பள்ளியின் ஆல்ஃபிரட் கோல்ட்பெர்க். செல், வேண்டாத புரதத்தின் மேல் யுபிக்விட்டின் என்ற சிறு புரதத்தை முத்திரை போல ஒட்டும். முத்திரை விழுந்ததைப் புரோட்டியாசோம் என்ற செல் இயந்திரம் நறுக்கிவிடும். பட்டினி, நீரிழிவு, புற்றுநோய், சிறுநீரகச் செயலிழப்பு ஆகிய நான்கிலும் எலித் தசையில், இந்த முத்திரையை ஒட்ட உதவும் புரதத்துக்கான அட்ரோஜின்-1 என்ற மரபணு அளவுமீறி இயங்குவதை 2001இல் அவரது குழு கண்டது. அதே ஆண்டில் வேறொரு குழு, அந்த மரபணுவையோ அதே வகையைச் சேர்ந்த மர்ஃப்-1 என்ற மரபணுவையோ நீக்கிய எலிகளில் தசை இழப்பு குறைவதைக் காட்டியது.

முதுமையில் இழப்பு வேகமெடுக்கும். 2007இல் வெளியான ஆய்வொன்றில், 10 நாள் படுத்தே இருந்த ஆரோக்கியமான முதியவர்களின் கால்களில் சுமார் 1 கிலோ தசை குறைந்தது. அறுவைச் சிகிச்சைக்குப் பின் மருத்துவர்கள் சீக்கிரமே எழுந்து நடக்கச் சொல்வது இதனால்தான். பளுப் பயிற்சியும், பருப்பு, முட்டை, பால் போன்ற புரத உணவும் இழந்த தசையை மீட்க உதவும்.