தொட்டியத்து வாழையும் சொட்டுநீரும்

திருச்சிராப்பள்ளியிலிருந்து நாமக்கல் செல்லும் சாலையில் முசிறியைக் கடந்து தொட்டியத்தை அணுகுகிறவர்களுக்கு, தெற்கே அகண்ட காவிரியும், அதை ஒட்டிப் பூவனும் ஏலரிசியும் ரஸ்தாளியும் அடர்ந்த தோட்டங்களும் தென்படுவதால், இது ஜலத்துக்குக் குறைவில்லாத பூமி என்ற எண்ணம் எழுவது இயல்பே. ஆனால் ஆண்டு மழை ஏறத்தாழ 800 மில்லிமீட்டர்தான். அதிலும் கணிசமான பங்கு ஐப்பசி, கார்த்திகையிலேயே பெய்து ஓய்ந்துவிடுகிறது. வாழையோ ஓராண்டுக் காலம் நிற்கும் பயிர். சித்திரை வெயிலில் ஆறு மணல்வெளியாகக் கிடந்தாலும் அதற்கு நீர் வைத்தே ஆகவேண்டும்.

வடநாட்டுக் கோதுமை விவசாயிக்கு இவ்விஷயத்தில் ஒரு சௌகரியம் உண்டு. விதைத்த 21ஆம் நாளை ஒட்டி, தண்டின் அடியிலிருந்து புது வேர்கள் கிளம்பும் தருணத்தில் ஒரு நீரைத் தவறாமல் கொடுத்து, பூக்கும் பருவத்திலும் பால் பிடிக்கும் பருவத்திலும் கைவிடாதிருந்தால், மற்ற நீர்களைச் சற்றுக் குறைத்தும் ஓரளவு மகசூல் காணலாம். வாழைக்கு அத்தகைய தவணை கிடையாது. அதன் வேர்களில் பெரும்பாலானவை மேல்மண்ணில் ஒன்றரை அடிக்குள்ளேயே படர்வதால், அகன்ற இலைகள் நாள்தோறும் ஆவியாக இழப்பதை அந்த ஆழமற்ற வேர்களே நாள்தோறும் ஈடுசெய்யவேண்டியிருக்கிறது.

இஸ்ரேலில் சிம்கா பிளாஸ் என்னும் பொறியாளர் வகுத்து, 1960களின் நடுப்பகுதி முதல் வியாபார ரீதியில் பரவிய சொட்டுநீர் முறை இங்கே பொருந்துவது இக்காரணத்தினால்தான். மணிக்கு 4 லிட்டர் விடும் சொட்டுவான்கள் மரத்துக்கு இரண்டாக வைத்தால், இரண்டரை மணி நேரத்தில் 20 லிட்டர் இறங்கிவிடும். மேலே உள்ளங்கையளவு ஈரமே தெரியும். மண்ணைத் தோண்டிப் பார்த்தாலோ, ஈரம் வெங்காயம்போல் உள்ளே பருத்து, வேர் இருக்கும் இடமெல்லாம் பரவியிருக்கும். வென்சூரி என்னும் உறிஞ்சு கருவி வழியாக யூரியாவையும் பொட்டாஷையும் அந்நீரிலேயே கரைத்து அனுப்பலாம்.

மிச்சமாகும் நீரைப் பற்றி நிதானமாகக் கணக்கிட்டுப் பார்ப்பது நல்லது. ஓர் ஏக்கரில் 5 சென்டிமீட்டர் உயரத்துக்கு நீர் கட்டினால் சுமார் 2 லட்சம் லிட்டர் செலவாகும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சொட்டுநீரில் மரம் ஒன்றுக்கு நாளொன்றுக்கு நான்காம் மாதம் வரை 15 லிட்டரும், பிறகு தார் தள்ளும்வரை 20 லிட்டரும், அதற்குமேல் 25 லிட்டரும் பரிந்துரைக்கிறது. ஆறடிக்கு ஆறடி நட்டால் ஏக்கருக்கு 1,200 மரங்கள். 20 லிட்டர் வீதம் வாரத்துக்கு 1,68,000 லிட்டர். வாரம் ஒருமுறை பாய்ச்சுவதோடு ஒப்பிட்டால் இது பிரமாதமான வித்தியாசமல்ல. மெய்யான லாபம், மண்வாய்க்காலில் வழியெல்லாம் உறிஞ்சப்படும் நீரும் வேருக்குக் கீழே இறங்கிவிடும் நீரும் தப்புவதிலும், முதல் நாள் மூச்சுமுட்டி ஆறாம் நாள் வாடும் அவஸ்தை மரத்துக்கு இல்லாமற் போவதிலும் இருக்கிறது.

ஆயினும், அப்படிக் கீழே இறங்கும் நீர் ஆற்றங்கரையில் முற்றிலும் வீணல்ல என்பதையும் சொல்லவேண்டும். வாய்க்காலிலும் வயலிலும் கசிவதே கரையோரக் கிணறுகளின் ஊற்றைப் பேணுகிறது. சொட்டுநீர்க் குழாய்க்குரிய நீரும் அந்தக் கிணற்றிலிருந்தே வருகிறது. ஆகவே வாய்க்காலைத் தூர்வாராமல் விட்டுவிட்டு, குழாய் வந்துவிட்டதே என்று நிம்மதி கொள்வது பெரும் பிழை என்பதே என் அபிப்பிராயம். மிஞ்சிய நீரைக் கொண்டு மேட்டில் புதிதாக வாழை வைத்தாலும் கிணற்றுக்கு ஒரு சொட்டும் மிஞ்சாது.

சொட்டுநீர் அமைக்கச் சிறு, குறு விவசாயிகளுக்கு முழு மானியமும் ஏனையோருக்கு 75 சதவீத மானியமும் தமிழக அரசின் திட்டத்தில் உண்டு. 1993இல் திருச்சியில் நிறுவப்பட்ட தேசிய வாழை ஆராய்ச்சி மையமும் அருகிலேயே இருக்கிறது. குழாயைப் பேணுவது மட்டும் விவசாயியின் பொறுப்பு: ஆழ்துளைக் கிணற்று நீரின் உப்பு படிந்து சொட்டுவான் அடைத்துக்கொண்டால் அமிலம் கலந்து கழுவவேண்டும், பில்டரைத் தவறாமல் சுத்தம் செய்யவேண்டும், எலி கடித்த இடத்தை அன்றைக்கே இணைக்கவேண்டும். அடைபட்ட சொட்டுவானைக் கவனியாது விட்டால், வரிசையில் அந்த ஒரு மரத்தின் தார் மட்டும் சீப்புக் குறைந்து சிறுத்து நிற்கும்.