கால் நொடி மௌனம்

கண்டிக்கு அருகே ஹந்தானையில் சிங்களம் படிக்கிற ஒருவரும் கட்டுகஸ்தோட்டையில் தமிழ் படிக்கிற ஒருவரும் வாட்ஸ்அப் குழு அழைப்பில் சந்தித்தால் பெரும்பாலும் இதுதான் நடக்கும்: இருவரும் ஒரே நேரத்தில் வாய் திறப்பார்கள், இருவரும் நிறுத்துவார்கள், "சொல்லுங்க, சொல்லுங்க" என்பார்கள், மறுபடி மோதிக்கொள்வார்கள். அதைக் கூச்சம் என்று நாம் நினைத்துவிடுகிறோம்; சிக்கல் நேரக் கணக்கில் இருக்கிறது.

ஒருவர் பேசி முடிப்பதற்கும் அடுத்தவர் தொடங்குவதற்கும் இடையில் விழும் மௌனம் மிகச் சிறியது. 2009இல் பத்து மொழிகளை ஒப்பிட்ட ஓர் ஆய்வில் அது சராசரியாக 200 மில்லிநொடி. ஜப்பானியர் அதைவிட விரைவு. டேனிஷ் பேசுவோர் தாமதம். (தமிழும் சிங்களமும் அந்தப் பத்தில் இல்லை. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் யாராவது அளந்து பார்க்கலாம்.) ஆனால் ஒரு படத்தைப் பார்த்து அதன் பெயரைச் சொல்லவே நமக்கு ஏறத்தாழ 600 மில்லிநொடி வேண்டும்! அப்படியென்றால் எதிரில் இருப்பவர் முடிக்கும் முன்பே, வாக்கியம் எங்கே முடியும் என்று ஊகித்து, பதிலைக் கட்டத் தொடங்கிவிடுகிறோம். புதிய மொழியில் அந்த ஊகம் கைகொடுப்பதில்லை.

இணையம் தன் பங்குக்குத் தாமதம் சேர்க்கிறது. தூரம் அதற்குப் பெரிய காரணம் அல்ல. ஒளியிழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2,00,000 கிலோமீட்டர் ஓடும். சர்வர் சிங்கப்பூரில் இருந்தாலும், கண்டியிலிருந்து அங்கே நேர்கோட்டில் போய்வர 30 மில்லிநொடிகூட ஆகாது. ஒலியைப் பொட்டலங்களாகக் கட்டுவதும், அவை கைபேசிக் கோபுரத்தில் வரிசையில் நிற்பதும், முன்பின்னாக வருபவற்றை ஒழுங்குபடுத்த மறுமுனை காத்திருப்பதும்தான் நேரத்தைத் தின்கின்றன. ஒருவழித் தாமதம் 150 மில்லிநொடிக்குள் இருப்பது நல்லது என்கிறது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம். அது 300 ஆனால், போக 300, வர 300. இயல்பான 200 மில்லிநொடி மௌனம் 800 ஆகக் காதில் விழும். ஜெர்மானிய ஆய்வாளர்கள் 2014இல் வெளியிட்ட ஆய்வொன்றில், இப்படித் தாமதமான அழைப்பில் பேசியவர்கள் எதிரில் இருந்தவரையே கவனமில்லாதவர் என்று மதிப்பிட்டார்கள்.

2020இன் கொரோனா முடக்கத்தில் பேராதனை வளாகத்திலிருந்து இயங்கும் 'லேர்ன்' கல்வி வலையமைப்பு, பல்கலைக்கழகங்களின் ஸூம் வகுப்புகளை உள்நாட்டு சர்வர்கள் வழியே நடத்திக்கொடுத்தது. வாட்ஸ்அப்பில் கூடும் நம் மொழிக் குழுவுக்கு அழைப்பின் பாதையை அப்படி மாற்றும் வசதி இல்லை. ஆட்களின் எண்ணிக்கையில்தான் கைவைக்க முடியும். நேரில்கூட ஓர் உரையாடல் நான்கு பேருக்கு மேல் தாங்குவதில்லை, பிரிந்துவிடுகிறது என்று உளவியலாளர் ராபின் டன்பார் குழுவினர் 1995இல் எழுதினார்கள். கல்யாண வீட்டில் ஐந்தாமவர் பக்கத்து ஆளோடு தனியாகப் பேசிக்கொள்வார். குழு அழைப்பில் அதற்கு வழியில்லை. அவர் ஊமையாகிவிடுவார், பெரும்பாலும் மொழி குறைவாகத் தெரிந்தவரே. ஆகவே நால்வர் போதும். கேள்வியைப் பொதுவில் வீசாமல் பெயர் சொல்லிக் கேட்கலாம். பெயர் முதலில், கேள்வி பிறகு. பதில் வராவிட்டால் மூன்று எண்ணும்வரை யாரும் எடுத்துக்கொடுக்க வேண்டாம்.

சிக்னல் மோசமானால் முதலில் வீடியோவை நிறுத்துங்கள்; ஒலி ஒரு துளி தொலைந்தாலும் பொருள் மாறிவிடலாம். சிங்களத்தில் மலைக்கான சொல்லும் அடிமரத்துக்கான சொல்லும் ஏறக்குறைய 'கந்த' என்றே ஒலிக்கும். முன்னதில் மூக்கொலி நீளம், பின்னதில் அது மிகக் குறுகல். ஒரு பொட்டலத்தில் இருப்பது பெரும்பாலும் 20 மில்லிநொடி ஒலி. அது தொலைந்தால் மென்பொருள் முந்தைய ஒலியையே நீட்டி ஓட்டையை அடைக்கும். அப்படி நீண்டது அந்தக் குறுகிய மூக்கொலியாக இருந்தால், ஆசிரியர் மரத்தைத்தான் சொல்லியிருப்பார். மாணவர் மலை என்று எழுதிக்கொள்ளக்கூடும்.