பம்ப் பழுதான காரின் டாங்கிலிருந்து பெட்ரோலை இறக்கும் முறை

உழவர் வீடுகளில் இன்று டிராக்டருடன் பெட்ரோல் காரோ சிறு வேனோ சேர்ந்து நிற்பதைக் காண்கிறோம். சந்தைக்கோ திருமணத்திற்கோ புறப்படுமுன் டாங்கை நிரப்பி வைப்பது பலருடைய வழக்கம். அந்த நேரம் பார்த்துப் பெட்ரோல் பம்ப் பழுதாகிவிட்டால், பம்பைக் கழற்றுமுன் உள்ளே இருக்கும் பெட்ரோலை இறக்க வேண்டியிருக்கும். டிராக்டரில் இது எளிய வேலை. டாங்க் உயரத்தில் இருக்கிறது. அடியிலுள்ள திருகைத் தளர்த்தினால் டீசல் தானாகவே இறங்கிவிடும். அதே பழக்கத்தில் காரில் கை வைக்கக் கூடாது. காரின் டாங்க் தரையை ஒட்டித் தொங்குகிறது. இக்காலக் கார்கள் பெரும்பாலானவற்றில் வடிகால் திருகு கிடையாது. அதோடு பெட்ரோலின் குணமும் வேறு.

பம்ப் எங்கே இருக்கிறது?

கார்புரேட்டர் இருந்த காலத்தில் பம்ப் பெரும்பாலும் என்ஜின் அருகில் இருந்தது. 2000-ஆம் ஆண்டையொட்டி நம் நாட்டுக் கார்கள் பெட்ரோலைப் பீய்ச்சும் முறைக்கு மாறின. இம்முறையில் மின்சார பம்ப் டாங்கின் உள்ளேயே, பெட்ரோலில் மூழ்கியபடி வேலை செய்கிறது. பம்ப் சூடேறாமல் காப்பதும், அதன் உள்பாகங்களுக்கு வழுவழுப்புத் தருவதும் அந்தப் பெட்ரோல்தான். எப்போதும் டாங்கை வற்றவிட்டு ஓட்டுபவர்களின் பம்ப் சீக்கிரம் தேய்வதற்கு இதுவே காரணம். பம்பை டாங்கின் மேல்புறத் துவாரம் வழியாகவே வெளியே எடுக்க வேண்டும். டாங்க் நிறைந்திருந்தால் பம்புடன் பெட்ரோலும் அள்ளிக்கொண்டு வந்து காருக்குள் சிந்தும்.

முதலில் பம்ப்தானா என்று பாருங்கள்

சாவியை ‘ஆன்’ நிலைக்குத் திருப்பியதும் பின்பக்கத்திலிருந்து இரண்டு விநாடி மெல்லிய ரீங்காரம் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் பியூஸையும் ரிலேயையும் சோதிக்கவும். சில ரூபாய் பியூஸ் ஒன்று போனதற்காக டாங்க் முழுவதையும் இறைத்தவர்கள் உண்டு. இவை சரியாக இருந்தால், ஒருவர் சாவியைத் திருப்ப, மற்றொருவர் டாங்கின் அடியில் ரப்பர் சுத்தியாலோ மரக்கட்டையாலோ மெதுவாகத் தட்டிப் பார்க்கலாம். சிக்கி நின்ற மோட்டார் சில சமயம் சுழலத் தொடங்கும். அப்படிச் சுழன்றால் அதுவே நல்வாய்ப்பு. வண்டியைப் பட்டறைக்கு ஓட்டிச் சென்றுவிடுங்கள். பெட்ரோலைத் தீர்க்க அதை எரிப்பதை விடப் பாதுகாப்பான வழி வேறில்லை.

இடமும் நேரமும்

பெட்ரோல், பூஜ்யத்திற்குக் கீழே 40 டிகிரிக் குளிரிலும் தீப்பற்றும் அளவுக்கு ஆவியாகக் கூடியது. அந்த ஆவி காற்றை விட மூன்று நான்கு மடங்கு கனமானது. ஆகவே மேலே கலைந்து போகாமல் தரையோடு தவழ்ந்து பள்ளத்தை நோக்கிச் செல்லும். காற்றில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு இருந்தாலே ஒரு பொறி போதும். எனவே கொட்டகை, தாழ்வாரம், மோட்டார் அறை, கிணற்றோரம், வைக்கோற்போர் இவற்றின் அருகில் இந்த வேலை கூடாது. கிணற்றுக்குள் இறங்கிய ஆவி அடியில் தேங்கி நிற்கும். விளக்குடனோ பீடியுடனோ அங்கு இறங்குபவர் நிலையை எண்ணிப் பாருங்கள். திறந்த சமதளமே ஏற்றது. வெயில் ஏறுமுன் காலை வேளையில் செய்தால் ஆவி குறையும். பக்கத்தில் உலர் மணல் இரண்டு வாளியும், கிடைத்தால் பொடித் தீயணைப்பானும் வைத்துக்கொள்ளவும். தண்ணீர் உதவாது; எரியும் பெட்ரோல் அதன் மேல் மிதந்து பரவும். செல்போனை வீட்டில் வைத்துவிட்டு வரலாம். டாங்கைத் திறக்குமுன்பே பாட்டரியின் எதிர்முனையைக் கழற்றிவிட வேண்டும். பிறகு கழற்றினால் அங்கு எழும் பொறியே எமனாகும்.

இறக்கும் முறை

வாய்க்கால் கரையின் மேல் வளைகுழாய் போட்டுப் பாத்திக்கு நீர் பாய்ச்சும் முறையை அறிவீர்கள். பெட்ரோலும் அவ்வாறே இறங்கும். குழாய் நிறைந்திருக்க வேண்டும். வெளிமுனை டாங்கின் மட்டத்திற்குக் கீழே இருக்க வேண்டும். குழாயை முதலில் நிறைப்பதில்தான் ஆபத்து இருக்கிறது. வாயால் உறிஞ்சவே கூடாது. நீரை விட இலேசாக ஓடும் பெட்ரோல் ஒரு மடக்கு தவறினாலும் மூச்சுக்குழலில் இறங்கி நுரையீரலைப் புண்ணாக்கும். சில மணி நேரம் கழித்தே மூச்சுத்திணறல் வரலாம். யாரேனும் விழுங்கிவிட்டால் உப்புநீர் கொடுத்து வாந்தி எடுக்கச் செய்யாதீர்கள். வாந்தியில் பெட்ரோல் மறுபடி நுரையீரலுக்குப் போகும். உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லவும்.

கையால் அமுக்கும் உறிஞ்சு பம்ப் ஒன்று போதும். பெட்ரோலுக்கென்று விற்பதாகப் பார்த்து வாங்குங்கள். தண்ணீர் இறைக்கும் மோட்டாரை இதற்கு வைப்பது தற்கொலைக்கு ஒப்பாகும். கைத்தெளிப்பானும் வேண்டாம்; அதன் ரப்பர் பெட்ரோலில் ஊறிக் கெட்டுவிடும், ஒட்டியிருக்கும் மருந்தும் டாங்குக்குப் போகும்.

பெட்ரோல் ஊற்றும் வாய் வழியாக மெல்லிய குழாயை விட்டுப் பார்க்கலாம். பல புதிய கார்களில் உள்ளே தடுப்பு உண்டு. தட்டினால் நிறுத்திக்கொள்ளவும்; பலவந்தமாக நுழைத்தால் குழாய் சிக்கிவிடும். அடுத்த வழி மேல் துவாரம். பல கார்களில் பின் இருக்கையைத் தூக்கினால் அதன் கீழ் ஒரு மூடி இருக்கும். கதவுகள் அனைத்தையும் திறந்து வைத்து, மண்ணைத் துடைத்துவிட்டு மூடியை எடுக்கவும். மின் இணைப்பை உருவியபின், என்ஜினுக்குச் செல்லும் குழாயைத் துணியால் சுற்றிப் பிடித்துக் கழற்றவும். டயர்க் காற்றை விட அதிக அழுத்தம் அதற்குள் மிச்சமிருக்கலாம், கண்ணில் தெறிக்கும். பம்பைப் பிடித்திருக்கும் வளையத்தை மரக்கட்டையால் தட்டித் திருப்பவும். இரும்பு உளி கூடாது. பம்பை இரண்டு விரல் உயரம் மட்டும் தூக்கி, அந்த இடைவெளியில் குழாயைச் செருகிப் பெட்ரோலை இறக்குங்கள். பாதிக்குக் கீழே இறங்கியபின் பம்பைச் சாய்த்து எடுத்துவிடலாம். முழுவதும் வற்ற வைக்கத் தேவையில்லை.

பாத்திரம் உலோகமாக இருக்கட்டும். அதைத் தரையில் வைத்து, ஒரு கம்பியால் காரின் பூச்சில்லாத உலோகப் பகுதியுடன் இணைக்கவும். ஓடும் பெட்ரோலில் உண்டாகும் மின்னேற்றம் பொறியாகாமல் தடுக்க இதுவே வழி. பிளாஸ்டிக் குடத்திலும் பூச்சிமருந்து டப்பாவிலும் பிடிப்பதைக் கைவிடவும்.

மேல் துவாரம் இல்லாத கார்களில் டாங்கையே கீழே இறக்க வேண்டும். 35 லிட்டர் பெட்ரோல் சுமார் 26 கிலோ எடை. அது ஒரு பக்கமாக அலைந்து சாய்ந்தால் இருவர் பிடித்தாலும் நிற்காது. நிறைந்த டாங்கில் அடிப்பக்கக் குழாயைத் தளர்த்தினால் பெட்ரோல் ஆளின் மேலேயே கொட்டும். இத்தகைய காரைக் கயிறு கட்டி இழுத்துச் சென்று பட்டறையில் விடுவதே சரி. இழுவைக் கூலி மருத்துவச் செலவை விடக் குறைவு.

இறக்கிய பெட்ரோல்

1934-ஆம் ஆண்டின் பெட்ரோலியச் சட்டப்படி, விற்பனைக்கல்லாத பெட்ரோலை உரிமம் இன்றி 30 லிட்டர் வரை வைக்கலாம். உலோகப் பாத்திரம் ஒவ்வொன்றும் 25 லிட்டருக்கு மேற்படாமல், இறுக மூடியதாக இருக்க வேண்டும். வண்டி வைத்திருப்போருக்கு மேலும் சலுகை உண்டு. ஆனால் 30 லிட்டருக்கு மேற்பட்டதை மனிதர் வசிக்கும் அறையோடு சேராத தனி இடத்தில்தான் வைக்க வேண்டும். நிறை டாங்க் இந்த அளவை எளிதில் தாண்டிவிடும் என்பதைக் கருத்தில் கொள்ளவும்.

இறக்கியதைக் கண்ணாடிப் புட்டியில் சிறிது எடுத்து அசையாமல் வைத்துப் பாருங்கள். இப்போதைய பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்துள்ளது. தண்ணீர் அதிகம் சேர்ந்திருந்தால் எத்தனாலும் நீரும் கூடி அடியில் தனி அடுக்காக நிற்கும். அத்தகைய பெட்ரோலை வண்டிக்கு ஊற்றாதீர்கள், மண்ணிலோ வாய்க்காலிலோ கொட்டவும் கூடாது, பட்டறையில் கொடுத்துவிடவும். தெளிவாக இருந்தால் வடிகட்டி மீண்டும் ஊற்றலாம். டீசல் டாங்கிலும் மண்ணெண்ணெய் அடுப்பிலும் ஒரு சொட்டுக்கூடச் சேரக் கூடாது.

புதிய பம்பைப் பொருத்தும்போது ரப்பர் வளையத்தையும் புதிதாகப் போடுங்கள். பழையது ஊதிப் போயிருக்கும், மறுபடி அடங்காது. பம்ப் மூழ்கும் அளவுக்குப் பெட்ரோல் இருக்கட்டும். காருக்குள் வாடை முழுதும் போனபின் பாட்டரியை இணைத்து, கிளப்புமுன் சாவியை இரண்டு மூன்று முறை ‘ஆன்’ நிலைக்குத் திருப்பினால் குழாயில் அழுத்தம் ஏறும். குழாய் இணைப்பிலும் வளையத்தைச் சுற்றிலும் ஈரம் இல்லை என்று பார்த்த பின்னரே பின் இருக்கையைப் பொருத்தவும்.