எங்கட தமிழ்ப் பள்ளிக் கணக்கும் பெயரில்லாத ‘எஃப்’பும்

சனிக்கிழமை இரவு ஒன்பது மணி இருக்கும். பிள்ளைகளைப் படுக்க வைத்துவிட்டு வந்து தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு நின்றேன். போன் அடித்தது. லண்டனில் நான் கணக்குப் பார்க்கும் தமிழ்ப் பள்ளியில் படிக்கும் ஒரு பிள்ளையின் அம்மா.

“தம்பி, நீங்கள் அனுப்பின ஈமெயில் வந்தது. நிலுவை எண்ட இடத்தில ‘வேலை போய்விட்டது, பாதிக் கட்டணம் போதும்’ எண்டு கிடக்கு. இதை ஆர் எழுதினது? எல்லாருக்கும் போனதோ?”

எழுதினது நான்தான். ஆறு மாதத்துக்கு முன்பு அவர் தயங்கித் தயங்கிச் சொன்னதை, மறந்துவிடக் கூடாதே என்று எக்செல் ஷீட்டில் குறிப்பாகப் போட்டு வைத்திருந்தேன். மற்றவர்களுக்குப் போகவில்லை, அவருக்கு மட்டும்தான் போனது. ஆனால் தன் கஷ்டத்தை இன்னொருவர் ஒரு வரியில் எழுதி வைத்திருப்பதைக் கண்ணால் பார்ப்பது சின்ன விஷயமா? “மன்னிச்சுக்கொள்ளுங்கோ அக்கா” என்றதைத் தவிர எனக்கு வேறு வார்த்தை வரவில்லை. அடுத்த இரண்டு சனிக்கிழமையும் அவருடைய மகள் வகுப்புக்கு வரவில்லை.

இந்தப் பத்திரிகையை வாசிக்கிற உங்களில் பலர் என்னைப் போலத்தான். இங்கேயே பிறந்து வளர்ந்து, இப்போது நம்முடைய பிள்ளைகளுக்காகத் தமிழ்ப் பள்ளி, கோயில் திருவிழா, விளையாட்டுக் கழகம் என்று ஏதாவது ஒன்றின் கணக்கைத் தலையில் சுமப்பவர்கள். “உனக்குக் கொம்ப்யூட்டர் தெரியும்தானே” என்று சொல்லித்தான் அந்தப் பொறுப்பைத் தந்திருப்பார்கள். ஆகவே எங்கே பிழைத்தது என்று விவரமாகச் சொல்கிறேன்.

நாற்பத்து மூன்று பிள்ளைகள். ஏ-யில் பிள்ளையின் பெயர், பி-யில் பெற்றோர், சி-யில் ஈமெயில், டி-யில் வகுப்பு, இ-யில் குறிப்பு, எஃப்-இல் நிலுவை. ஒவ்வொரு வரிசையாகப் போய், எஃப்-இல் இருக்கும் தொகையை எடுத்து, சி-யில் இருக்கும் முகவரிக்குக் கடிதம் அனுப்ப ஒரு மேக்ரோ எழுதியிருந்தேன். இரண்டு வருடம் நன்றாக ஓடியது.

பிறகு ஒரு ஆசிரியை, நல்ல எண்ணத்தோடுதான், ஈமெயிலுக்குப் பக்கத்தில் ‘ஒவ்வாமை’ என்று ஒரு நெடுவரிசையைச் செருகினார். பிள்ளைகளுக்கு ஏதாவது சாப்பாடு ஒத்துக்கொள்ளாதா என்று பார்க்க. டி-யிலிருந்து எல்லாம் ஒரு படி வலப்பக்கம் நகர்ந்தன. குறிப்பு எஃப்-க்கு வந்தது, நிலுவை ஜி-க்குப் போனது. மேக்ரோவுக்கு அது தெரியாது. அது எஃப்-ஐத்தான் எடுத்தது.

பெரும்பாலானோருக்குக் குறிப்பு எதுவும் இல்லை. அவர்களுக்கு நிலுவை வெறுமையாகப் போனது. காசு கட்டத் தேவையில்லை என்று நினைத்தார்களோ என்னவோ, ஒருவரும் கேட்கவில்லை. ஏழு பேருக்குக் குறிப்பு இருந்தது. ‘தாத்தா கட்டுவார்’, ‘காசாகத் தருவார்’ மாதிரியானவை. அந்த ஏழில் ஒன்றுதான் அக்காவினுடையது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. ஷீட்டுக்குள் எழுதும் ஃபார்முலாக்கள் இப்படிக் குழம்புவதில்லை. நெடுவரிசையைச் செருகினால் எக்செல் தானாகவே ஃபார்முலாவில் உள்ள எஃப்-ஐ ஜி ஆக்கிவிடும். ஆனால் மேக்ரோவுக்குள் மேற்கோள்குறி போட்டு “எஃப்2” என்று எழுதினால் அது வெறும் எழுத்து. எக்செல் அதைத் தொடாது. நாம் போய்த் திருத்தும்வரை பழைய முகவரியிலேயே கதவைத் தட்டிக்கொண்டிருக்கும்.

அம்மாவின் குசினியில் எனக்கு இதே அனுபவம் உண்டு. சின்ன வயதில் “இரண்டாம் தட்டில இடப்பக்கம் மூன்றாவது போத்தல் எடு” என்பார். ஒருநாள் அவர் தட்டைத் துடைத்து அடுக்கி மாற்றிவிட, நான் அப்பாவின் தேத்தண்ணிக்குள் உப்புப் போட்டேன். அதற்குப் பிறகு போத்தல்களில் ‘சீனி’, ‘உப்பு’ என்று எழுதி ஒட்டினார். எங்கே நகர்த்தினாலும் பெயர் போத்தலோடு போகும்.

எக்செலில் அந்த வேலையைச் செய்வதுதான் பெயரிட்ட பகுதி. ஃபார்முலா எழுதும் பட்டைக்கு இடப்பக்கம் ‘ஏ1’ என்று காட்டும் சின்னப் பெட்டியைப் பார்த்திருப்பீர்கள். நிலுவைத் தொகைகள் உள்ள செல்களைத் தெரிவு செய்து, அந்தப் பெட்டிக்குள் ஒரு பெயரை டைப் செய்து என்டர் அழுத்தினால் போதும். வைத்த பெயர்களையெல்லாம் பார்க்கவும் திருத்தவும் கன்ட்ரோல் எஃப்3 அழுத்துங்கள், நேம் மேனேஜர் திறக்கும். மேக்ரோவில் “எஃப்2:எஃப்44” என்ற இடத்தில் “நிலுவை” என்று எழுதி, ‘நிலுவையின் ஐந்தாவது செல்’, ‘ஈமெயிலின் ஐந்தாவது செல்’ என்று கேட்கலாம். எல்லாப் பகுதிகளும் ஒரே வரிசையில் தொடங்கி ஒரே வரிசையில் முடிய வேண்டும், அவ்வளவுதான். கூகுள் ஷீட்ஸ் பாவிப்பவர்களுக்கும் டேட்டா மெனுவில் இதே வசதி இருக்கிறது.

அப்பாவிடம் இதைச் சொன்னபோது சிரித்தார். அவர் எண்பதுகளில் லண்டனுக்கு வந்து ஒரு கணக்காளர் அலுவலகத்தில் லோட்டஸ் 1-2-3-இல் வேலை பழகியவர். 1983-இல் வந்த மென்பொருள் அது. அதில் மேக்ரோவையே ஷீட்டின் செல்களுக்குள்தான் எழுத வேண்டும். முதல் செல்லுக்குப் பின்சாய்கோடும் ஓர் எழுத்துமாகப் பெயர் வைத்து, ஆல்ட் விசையோடு அந்த எழுத்தை அழுத்தி ஓட்டுவார்கள். “அப்பவே பேர் வைச்சுத்தான் ஓட்டினாங்கள். நீ இப்பத்தான் கண்டுபிடிக்கிறாய்” என்றார்.

பெயர் வைப்பதிலும் நான் இடறி விழுந்தேன். முதலில் ஆங்கிலத்தில் ‘ஃபீ’ என்ற மூன்று எழுத்தோடு 2025 சேர்த்து அந்தப் பெட்டியில் டைப் செய்தேன். பெயர் விழவில்லை, ஷீட் எங்கேயோ வலக்கோடிக்குப் பாய்ந்தது. எக்செலில் 16,384 நெடுவரிசைகள். ‘எஃப்இஇ’ என்று உண்மையாகவே ஒரு நெடுவரிசை இருக்கிறது, அதன் 2025-ஆவது வரிசைக்கு என்னைக் கொண்டுபோய் விட்டது! ஆகவே செல் முகவரி போலத் தெரியும் பெயர் கூடாது. இடைவெளியும் கூடாது, அடிக்கோடு போடலாம். மேக்ரோ எழுதும் ஜன்னலில் தமிழ் எழுத்தை ஒட்டினால் கேள்விக்குறிகளாகத்தான் வரும். அதனால் ‘நிலுவை’, ‘வகுப்பு’, ‘பெற்றோர்’ என்ற தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் வைத்தேன்.

இன்னும் மூன்று பொறிகளைச் சொல்லிவிடுகிறேன்.

ஒன்று: பகுதிக்கு நடுவில் வரிசை செருகினால் பெயர் தானாக நீளும். கடைசி வரிசைக்குக் கீழே புதுப் பிள்ளையைச் சேர்த்தால் நீளாது. அந்தப் பிள்ளை கணக்கிலேயே இருக்காது. இதற்கு, பட்டியலைத் தெரிவு செய்து கன்ட்ரோல் T அழுத்தி டேபிள் ஆக்கிவிட்டு, அதன் நெடுவரிசைக்குப் பெயர் வையுங்கள். கீழே சேர்ப்பதும் உள்ளே வந்துவிடும்.

இரண்டு: புது வருடத்துக்காகப் பழைய ஷீட்டை அதே கோப்புக்குள் நகல் எடுத்தால், பெயர்களும் நகலாகிவிடும். ஒரே பெயரில் இரண்டு ‘நிலுவை’. எந்த ஷீட் முன்னால் திறந்திருக்கிறது என்பதைப் பொறுத்து மேக்ரோ ஒன்றை எடுக்கும். ஷீட்டை விட்டுவிட்டு முழுக் கோப்பையும் நகல் எடுப்பதே நல்லது.

மூன்று: பெயருள்ள செல்களை ஒருவர் முழுதாக அழித்துவிட்டால் மேக்ரோ பிழை காட்டி நின்றுவிடும். பார்க்கப் பயமாக இருக்கும், ஆனால் அது நல்லதுக்குத்தான். பிழையான செய்தியை அமைதியாக அனுப்புவதைவிட நிற்பது எவ்வளவோ மேல்.

இதை யோசித்துத்தான் இன்னும் இரண்டு காவலும் போட்டேன். நிலுவையில் எண் இல்லாமல் எழுத்து இருந்தால் மேக்ரோ நிற்கும். கடிதங்களும் நேரே போகாது. திரையில் திறந்து காட்டும், நான் பார்த்து அனுப்புவேன். மேக்ரோ செய்ததைக் கன்ட்ரோல் இசட் அழுத்தி மீட்க முடியாது. போன ஈமெயில் போனதுதான்.

ஆனால் பெயர் வைத்ததால் எல்லாம் சரியாகிவிட்டது என்று சொன்னால் அது பொய். அந்தக் குறிப்பு அந்த ஷீட்டில் இருந்திருக்கவே கூடாது. ஐந்து ஆசிரியர்கள் திறக்கும் கோப்பு அது. ஒரு குடும்பத்தின் கஷ்டம் அங்கே என்ன செய்கிறது? இப்போது ஷீட்டில் தொகை மட்டும்தான். ஏன் அந்தத் தொகை என்பது அதிபருக்கும் எனக்கும் மட்டும் தெரியும்.

மூன்றாம் வாரம் அக்கா வீட்டுக்கு நேரில் போனேன். கதவைத் திறந்தவர் சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. என்ன நடந்தது, இப்போது என்ன மாற்றியிருக்கிறேன் என்று சொன்னேன். “எனக்கு உந்தக் கொம்ப்யூட்டர் விளங்காது தம்பி. நான் சொன்னது உங்களோட நிக்க வேணும், அவ்வளவுதான்” என்றார். அடுத்த சனிக்கிழமை மகள் வந்தாள். மிச்சப் பாதிக் கட்டணத்தையும் ஓர் உறையில் வைத்துக் கொடுத்துவிட்டிருந்தார். திருப்பிக் கொடுத்தேன், வாங்கவில்லை.

போன வாரம் புது மேக்ரோவைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். பதினொரு வயது மகள் தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தாள். பழையதில் எஃப், ஜி என்று இருந்தபோது அவள் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை. இப்போது ஆங்கில எழுத்தில் இருந்ததைக் கூட்டிக் கூட்டி வாசித்தாள்.

“நி-லு-வை. நிலுவை எண்டா என்ன அப்பா?”

“இன்னும் குடுக்க வேண்டி இருக்கிறது” என்றேன்.