பதக்கத்துக்குப் பின் ஒரு மனு

1966 குடியரசு தினம். டெல்லியில் ஜனாதிபதி ராதாகிருஷ்ணன் கையிலிருந்து பரம்வீர் சக்ரா பதக்கத்தைப் பெற்றுக்கொண்டார் ரசூலன் பீவி. அதற்கு உரியவரான அவரது கணவர் அப்துல் ஹமீது இறந்து அப்போது நாலரை மாதம் ஆகியிருந்தது.

உத்தரப்பிரதேசத்தின் காஜிப்பூர் மாவட்டத்தில் தாமுப்பூர் என்ற கிராமம். அங்கே ஒரு தையல்காரரின் மகன் ஹமீது. 1954 டிசம்பரில், 21 வயதில், கிரனேடியர்ஸ் படைப்பிரிவில் சேர்ந்தார். 1965 செப்டம்பரில் பஞ்சாபின் கேம்கரண் பகுதிக்குள் பாகிஸ்தானின் பாட்டன் டாங்குகள் நுழைந்தபோது, ஜீப்பில் பொருத்திய பீரங்கியுடன் சீமா கிராமத்தின் கரும்பு வயல்களில் காத்திருந்தார். ஒரு டாங்கை வீழ்த்துவார்; உடனே இடம் மாறுவார்; அடுத்ததைக் குறிவைப்பார். கடைசியில் எதிரியின் குண்டு அவரையே தாக்கியது. வயது 32.

நாட்டின் மிக உயர்ந்த போர் விருது வீட்டில் இருந்தும் ரசூலன் பீவி மனுவோடு நிற்க வேண்டியிருந்தது. 2008-ல் டெல்லி வந்து ஜனாதிபதி பிரதிபா பாட்டீலைச் சந்தித்தார். கணவருக்கு நினைவிடம், கிராமத்தில் ராணுவ ஆள்சேர்ப்பு மையம், பேரன்களுக்கு அரசு வேலை. இவையே அவர் கேட்டவை.

பதக்கம் வாங்கிய வீரனின் மனைவிக்கே இந்த நிலை என்றால், பெயர் வெளியே தெரியாத சிப்பாய்களின் விதவைகள்? அவர்களுடைய பென்ஷனை முடிவு செய்வது மரணத்துக்கு ஏற்கப்படும் காரணம். போரில் இறந்தால் கடைசியாக வாங்கிய சம்பளம் முழுவதும் கிடைக்கும். ராணுவப் பணியே மரணத்துக்குக் காரணம் என்று ஏற்கப்பட்டால் 60 சதவீதம். ஏற்கப்படாவிட்டால் முதல் 10 ஆண்டுகள் 50, அதன்பின் 30 சதவீதம்தான். காவல் பணியில் மாரடைப்பு, விடுமுறைக்கு ஊர் திரும்பும் வழியில் விபத்து என்றால் வழக்கு ஆரம்பம். இதற்கென்றே 2009-ல் செயல்படத் தொடங்கிய ராணுவத் தீர்ப்பாயத்தின் படியேறும் பெண்கள் உண்டு.

இன்னொரு விதி வாழ்க்கைக்குள்ளேயே கை நீட்டியது. விருது பெற்றவரின் விதவை மறுமணம் செய்தால் விருதுக்கான மாதப்படி நின்றுவிடும். கணவரின் சகோதரரை மணந்தால் மட்டும் தொடரும். யாரைக் கல்யாணம் செய்துகொள்வது என்பதில் அரசாங்கத்துக்கு என்ன வேலை என்ற கேள்விக்கு 2017 நவம்பரில்தான் பதில் வந்தது. அந்த நிபந்தனையை பாதுகாப்பு அமைச்சகம் கைவிட்டது.

அதே 2017 செப்டம்பரில் தாமுப்பூருக்கு ராணுவத் தளபதி பிபின் ராவத் வந்தார். நினைவிடம் திறக்கப்பட்டது. முதியவரான ரசூலன் பீவியும் அதைப் பார்த்தார். 2019 ஆகஸ்டில் அவர் மறைந்தபோது, விதவையாக 54 ஆண்டுகளை நெருங்கியிருந்தார். கணவரோடு வாழ்ந்த காலத்தைவிட அது மிக நீளம்.