கெலாங் பாத்தாவில் வேலை: குடும்பத்துக்கு வீடு எங்கே பார்ப்பது?

கெலாங் பாத்தா – தஞ்சோங் பெலெப்பாஸ் துறைமுகத்தில் வேலை, சிலிக் தொழிற்பேட்டையில் வேலை, பாலத்தைத் தாண்டினால் துவாஸில் வேலை. ஜொகூரின் உட்புறத் தோட்டங்களிலிருந்தும் மற்ற மாநிலங்களிலிருந்தும் தமிழ்க் குடும்பங்களை இந்தத் தென்மேற்கு மூலைக்கு இழுப்பவை இவைதான். வேலை உறுதியானதும் எல்லாரும் கேட்கும் முதல் கேள்வி, "அங்கே வாடகை எவ்வளவு?" என்பது. அந்தக் கேள்வி தேவையானதுதான். ஆனால் அது மட்டும் போதாது. சம்பாதிப்பவர் நாளில் பாதியை வேலையிடத்திலும் சாலையிலும் கழிக்கிறார். அந்த வீட்டிலும் வட்டாரத்திலும் நாள் முழுக்க இருக்கப் போவது மனைவியும் பிள்ளைகளும் வயதான பெற்றோரும்தான்.

சிற்றூர் எப்படி மாறியது?

மலாய் மொழியில் கெலாங் என்றால் வளையல், பாத்தா என்றால் உடைந்தது. தோட்டங்களும் மீன்பிடி கிராமங்களும் சூழ்ந்த சிற்றூராக இருந்த இடம் இது. 1998இல் தஞ்சோங் கூப்பாங்கையும் துவாஸையும் இணைக்கும் இரண்டாவது பாலம் திறக்கப்பட்டது. 2000இல் சுங்கை பூலாய் முகத்துவாரத்தில் தஞ்சோங் பெலெப்பாஸ் துறைமுகம் அதிகாரப்பூர்வமாகத் திறப்பு விழா கண்டது. 2006இல் இஸ்கண்டார் மலேசியா திட்டம் வந்தது. 2017இல் இந்த வட்டாரத்தை நிர்வகிக்கும் மன்றம், இஸ்கண்டார் புத்ரி மாநகர் மன்றமாக உயர்ந்தது. 2025 ஜனவரியில் ஜொகூர் – சிங்கப்பூர் சிறப்புப் பொருளாதார மண்டல ஒப்பந்தம் கையெழுத்தானது.

ஒவ்வொரு கட்டத்திலும் வேலை பெருகியது, வீட்டின் தேவையும் பெருகியது. சிங்கப்பூர் வெள்ளியில் சம்பளம் வாங்குபவரும் ரிங்கிட்டில் சம்பளம் வாங்குபவரும் இங்கே ஒரே வீட்டுக்குப் போட்டி போடுகிறார்கள். 2025 முதல் நடப்பில் உள்ள குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட். அதில் குடும்பம் நடத்துபவர் தவறான வீட்டைப் பிடித்தால் மீண்டு வருவது எளிதல்ல.

தோட்டம் தந்தவற்றைப் பட்டியல் போடுங்கள்

தோட்டத்து வீடு வேலையோடு ஒட்டியது. வேலை முடிந்தால் வீடும் போய்விடும். அந்தக் குறையை எல்லாரும் அறிவார்கள். ஆனால் லயன் வீட்டில் இருந்தவரை பள்ளி, கோயில், மளிகைக் கடை எல்லாம் நடக்கும் தூரத்தில் இருந்தன. ஆயாக் கொட்டகை இருந்த காலத்தில் கைக்குழந்தையை விட்டுவிட்டு அம்மா வேலைக்குப் போக முடிந்தது. அவசரத்துக்குப் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டலாம்.

தாமானுக்கு வந்தால் இவை ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே பணமோ நேரமோ கொடுக்க வேண்டும். ஆகவே வீடு தேடும் முன், இப்போது குடும்பம் எவற்றைச் செலவில்லாமல் அனுபவிக்கிறது என்று ஒரு தாளில் எழுதிக்கொள்வது நல்லது. புதிய வட்டாரத்தை அந்தத் தாளோடு ஒப்பிட்டுப் பார்த்தால் உண்மையான வாடகை தெரிந்துவிடும்.

வட்டாரங்கள் எப்படி?

கெலாங் பாத்தா பட்டணமும் அதைச் சுற்றியுள்ள நூசா பெரிந்திஸ், நூசாந்தாரா, நூசா பாயு போன்ற தாமான்களும் துறைமுகத்துக்கும் இரண்டாவது பாலத்துக்கும் அருகில் உள்ளவை. இங்கே தரை வீடுகள் அதிகம். அரசாங்கச் சுகாதார கிளினிக்கும் பட்டணத்தில் உண்டு. ஆனால் மோட்டார் சைக்கிளோ காரோ இல்லாத குடும்பத்துக்குச் சிரமம்தான்.

புக்கிட் இண்டாவில் கடைத்தொகுதிகளும் பேரங்காடிகளும் நெருக்கமாக உள்ளன. அங்கிருந்து ஜூரோங் ஈஸ்ட், பூன் லே பக்கம் காஸ்வே லிங்க் பேருந்துகள் செல்கின்றன. மோட்டார் ஓட்டாமல் சிங்கப்பூருக்குப் போய்வர நினைப்பவர்களுக்கு இது வசதி. அந்த வசதி வாடகையிலும் தெரியும்.

ஸ்கூடாய் பக்கம் தமிழர்கள் நெடுங்காலமாக வாழும் பகுதி. தாமான் துன் அமினா தமிழ்ப்பள்ளியும், முத்தியாரா ரினியில் உள்ள ரினி தோட்டத் தமிழ்ப்பள்ளியும் அங்கேதான். தோட்டம் தாமானாக மாறிய பிறகும் தோட்டத்தின் பெயரைப் பள்ளி காத்து நிற்கிறது. துறைமுகத்தில் வேலை என்றால் இங்கிருந்து பயணம் கூடும். பிள்ளைகளுக்கோ பயணம் குறையும்.

கங்கார் பூலாய் இன்னும் உள்ளே தள்ளியது. அங்கும் தமிழ்ப்பள்ளி உண்டு. பொந்தியான் சாலையில் உள்ள பெக்கான் நனாஸையும் சிலர் பார்க்கிறார்கள். நகரத்தை விட்டு விலக விலக வாடகை இறங்குவது வழக்கம். எண்ணெய்ச் செலவு ஏறுவதும் வழக்கம்.

கடலோர உயர்மாடி வீடுகள் சில நேரம் எதிர்பாராத அளவு மலிவாகக் கிடைக்கும். தேவைக்கு மேல் கட்டப்பட்டதே அதற்குக் காரணம். அங்கே போகும் குடும்பம் நீச்சல் குளத்தைப் பார்ப்பதற்கு முன் பள்ளியும் மளிகைக் கடையும் எங்கே என்று பார்க்க வேண்டும்.

ஒரு சின்ன கணக்கு

எடுத்துக்காட்டுக்கு, தொலைவில் உள்ள வீட்டில் வாடகை 200 ரிங்கிட் குறைவு என்று வைத்துக்கொள்வோம். வேலைக்குப் போக ஒரு வழிக்கு 25 கிலோமீட்டர் கூடுகிறது. போக வர 50 கிலோமீட்டர். 26 நாளுக்கு 1,300 கிலோமீட்டர். சாதாரண மோட்டார் சைக்கிள் லிட்டருக்கு 40 கிலோமீட்டர் ஓடினால் சுமார் 32 லிட்டர் பெட்ரோல் வேண்டும். பூடி 95 திட்டத்தின் 1.99 ரிங்கிட் விலையில் ஏறக்குறைய 65 ரிங்கிட். இரண்டு பிள்ளைகளுக்குப் பள்ளி வேன் ஆளுக்கு 100 ரிங்கிட் என்றால் மொத்தம் 265. மிச்சம் பிடிக்க நினைத்த 200 போய், கையிலிருந்து 65 கூடுதலாகப் போகிறது. டயர், பழுதுபார்ப்பு, மழையில் ஓட்டும் ஆபத்து ஆகியவை இந்தக் கணக்கில் இல்லை.

இரண்டாவது பாலத்தில் மலேசியப் பகுதிக்கான மோட்டார் சைக்கிள் டோல் 2019 ஜனவரி 1 முதல் நீக்கப்பட்டுவிட்டது. கார்களுக்கு இரு பக்கமும் டோல் உண்டு. துவாஸுக்குப் போகிறவர்கள் இதையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

பள்ளிதான் முதல் புள்ளி

வீட்டைப் பார்த்த பிறகு பள்ளியைத் தேடாமல், பள்ளியைப் பார்த்த பிறகு வீட்டைத் தேடுவது நல்லது. முதலாம் ஆண்டுப் பதிவு முன்கூட்டியே நடப்பதால் இடமாற்றத்துக்கு முன்பே பள்ளி அலுவலகத்தில் விசாரிக்க வேண்டும். வீட்டிலிருந்து பள்ளிக்குப் போகும் வழியைக் காலை ஆறரை மணிக்கு ஒருமுறை ஓட்டிப் பார்த்தால் நெரிசல் எப்படி என்று தெரியும்.

இடைநிலைப்பள்ளிக்குப் போகும் பிள்ளை இருந்தால் தமிழ் வகுப்பு உண்டா என்று கேளுங்கள். 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டப்படி, குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டால் தாய்மொழி வகுப்புக்கு வழி உண்டு. நம் மக்கள் சிதறிக் குடியேறினால் அந்த 15 பேரைச் சேர்ப்பதே பாடாகிவிடும்.

ஒரு பழைய சிக்கல் மட்டும் தீர்ந்திருக்கிறது. 2014 முதல் ஜொகூரில் வெள்ளி, சனி வார விடுமுறையாக இருந்தது. சிங்கப்பூரில் வேலை செய்யும் அப்பாவுக்கு ஞாயிறு ஓய்வு. பிள்ளைக்கோ அன்று பள்ளி. 2025 ஜனவரி 1 முதல் மாநிலம் சனி, ஞாயிறு விடுமுறைக்குத் திரும்பியதால் குடும்பம் ஒன்றாக இருக்க ஒரு நாளாவது கிடைக்கிறது.

சாவி வாங்கும் முன்

வாடகை 1,000 ரிங்கிட் என்றால் கையில் 1,000 இருந்தால் போதாது. வழக்கப்படி இரண்டு மாத முன்பணம், மின்சாரம் தண்ணீருக்கு அரை மாத முன்பணம், முதல் மாத வாடகை என 3,500 ரிங்கிட் தேவைப்படும். லாரிக் கூலி தனி.

வாடகை ஒப்பந்தத்தை எழுத்தில் வாங்கி, 30 நாளுக்குள் உள்நாட்டு வருமான வரி வாரியத்தில் முத்திரை வரி கட்ட வேண்டும். முத்திரை இல்லாத ஒப்பந்தம் நீதிமன்றத்தில் சான்றாக எடுபடாது. வாடகை பாக்கி இருந்தால்கூட, நீதிமன்ற ஆணை இல்லாமல் வீட்டுக்காரர் பூட்டை மாற்றிக் குடியிருப்பவரை வெளியே தள்ள முடியாது. 1950ஆம் ஆண்டு ஸ்பெசிபிக் ரிலீஃப் சட்டத்தின் 7(2) பிரிவு அந்தப் பாதுகாப்பைத் தருகிறது.

வீட்டைப் பார்க்காமல் முன்பணம் அனுப்பக் கூடாது. முகவர் என்றால் பதிவு எண் உள்ள அட்டையைக் காட்டச் சொல்லலாம். மழை பெய்தால் தண்ணீர் ஏறுமா என்பதை முகவரிடம் கேட்பதைவிட எதிர்வீட்டுப் பாட்டியிடம் கேட்பது மேல்.

கசப்பான இன்னொன்றும் உண்டு. இந்தியர்களுக்கு வீடு தருவதில்லை என்று சொல்லும் வீட்டுக்காரர்கள் நாடெங்கும் இருக்கிறார்கள். அதனால் நேரில் போவதற்கு முன்பே தொலைபேசியில் தெளிவாகக் கேட்டுவிட்டால் பயணச் செலவாவது மிஞ்சும். கோயில் நிர்வாகம், பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கம், ஏற்கெனவே குடியிருக்கும் உறவினர் வழியாகத் தேடினால் கதவு சுலபமாகத் திறக்கும்.

சொந்த வீடு

வந்தவுடன் வாங்காமல் ஓர் ஆண்டாவது வாடகைக்கு இருந்து வட்டாரத்தைப் பழகிக்கொள்வது பாதுகாப்பு. வாங்க நினைப்பவர்கள் ஜொகூர் மாநில அரசின் கட்டுப்படி விலை வீடுகளுக்கு விண்ணப்பித்து வைக்கலாம். சம்பளச் சீட்டு இல்லாத சிறுதொழில் செய்பவர்களுக்கு எஸ்ஜேகேபி எனும் வீட்டுக்கடன் உத்தரவாதத் திட்டம் உண்டு. இபிஎஃப் சேமிப்பில் செஜாத்ரா கணக்கிலிருந்து வீட்டுக்காகப் பணம் எடுக்கலாம்.

சிங்கப்பூரில் வேலை அனுமதியில் இருப்பவர்களுக்கு அங்கே சிபிஎஃப் கிடையாது. இங்கே இபிஎஃபும் தானாகச் சேராது. மாதந்தோறும் சுயமாக இபிஎஃபில் போடாவிட்டால், பத்து ஆண்டு பாலம் கடந்த பிறகும் வீட்டுக்கென்று சேமிப்பு இருக்காது. தோட்டத்தை விட்டு வந்ததன் நோக்கமே யாரும் திரும்பக் கேட்காத ஒரு வீடுதான் என்றால், அந்தச் சேமிப்பை முதல் சம்பளத்திலிருந்தே தொடங்க வேண்டும்.